வம்சாவளியை எக்செல்லில் எழுதி வைத்தால் போதாதா?

4 ஆகஸ்ட் 2024 – கேள்வி

அப்பா வழியில் ஐந்து தலைமுறை, அம்மா வழியில் நான்கு தலைமுறை சேர்த்துவிட்டேன். எக்செல்லில் ஒரு வரிக்கு ஒருவர்: பெயர், தந்தை, தாய், துணைவர், பிறப்பு, இறப்பு. மொத்தம் இருநூறு பேர்கூட வரவில்லை. இதற்குப் போய்த் தனியாக ஒரு மென்பொருள், அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் என்பதெல்லாம் வீண்வேலை என்பது என் கட்சி. கட்டற்ற மென்பொருள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட் 2024, இரவு – பதில்

வரைபடம்தான் குறி என்றால் எக்செல்கூட வேண்டாம். பெரிய தாளும் பென்சிலும் போதும்.

உங்கள் அட்டவணையில் ஏதோ ஒரு பாட்டிக்குப் பிறந்த ஆண்டு 1931 என்று இருக்கும். அதைச் சொன்னது யார்? பள்ளிச் சான்றிதழா, அவரேவா, அவருடைய தங்கையா? அந்தக் கட்டத்தில் இதற்கு இடமில்லை. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு “ஆதாரம்” என்று தலைப்பு வைக்கலாம். அப்புறம் இறப்புக்கு ஓர் ஆதாரக் கட்டம், திருமணத்துக்கு ஒன்று. பத்தாவது கட்டத்தில் உங்களுக்கே சலித்துவிடும்.

எங்கள் வீட்டுக் கதை இது. என் பாட்டியின் அக்கா எப்போது பிறந்தார் என்று கேட்டால், பெரியம்மா 1928 என்று அடித்துச் சொல்கிறார். சான்றிதழில் 1932. சித்தப்பா இரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய வெள்ளம் வந்த வருடம் என்கிறார். எந்த வெள்ளம் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார். நான் எக்செல்லில் இருந்திருந்தால் மூன்றில் ஒன்றை எழுதியிருப்பேன், மற்ற இரண்டும் அன்றோடு போயிருக்கும். மென்பொருளில் மூன்றும் இருக்கின்றன, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு. சித்தப்பாவின் வெள்ளமும் இருக்கிறது.

எனக்கு மென்பொருள் தேவைப்பட்டது இதற்குத்தான். மரம் வரைவது உபரி.

5 ஆகஸ்ட் 2024

எந்த மென்பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். கிராம்ப்ஸ். 2001இல் டான் ஆலிங்ஹாம் தொடங்கியது. பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். கணக்குத் திறக்க வேண்டாம், இணைய இணைப்பு வேண்டாம்.

முதல்முறை திறந்தவுடன் பலர் மூடிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இடது ஓரத்தில் வரிசையாக ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், மூலங்கள், மேற்கோள்கள், களஞ்சியங்கள், ஊடகங்கள், குறிப்புகள். “தாத்தா பெயரை எழுத வந்தவனுக்கு இத்தனை கதவா?” என்று தோன்றும்.

ஒரு பிறப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு என்பது ஒரு நிகழ்வு. அதற்குத் தேதி உண்டு, இடம் உண்டு. அதன் கீழ் ஒரு மேற்கோளைத் தொங்கவிடுகிறீர்கள். மேற்கோள் ஒரு மூலத்தைச் சுட்டுகிறது. மூலம் ஒரு பதிவேடாக இருக்கலாம், பெரியம்மாவோடு தொலைபேசியில் பேசியதாகவும் இருக்கலாம். அந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில், யார் வீட்டு அலமாரியில் என்பது களஞ்சியம். ஒவ்வொரு மேற்கோளுக்கும் நம்பகம் எவ்வளவு என்று மிகக் குறைவிலிருந்து மிக அதிகம்வரை ஐந்து படிகள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பிறப்பு நிகழ்வுகளையும் வைக்கலாம். முதன்மையானதை மரத்தில் காட்டும், மற்றவை உள்ளே கிடக்கும்.

பெரியம்மாவுக்கு நான் கொடுத்திருக்கும் நம்பகப் படியை அவர் பார்க்காமல் இருக்க வேண்டும்.

5 ஆகஸ்ட் 2024, சற்றுப் பிறகு

விட்டுப்போனது: உங்கள் “துணைவர்” கட்டம். இரண்டாம் திருமணம் செய்தவரை அங்கே எப்படி எழுதுகிறீர்கள்? காற்புள்ளி போட்டா? பிள்ளைகளில் யார் யாருக்கு என்று எப்படித் தெரியும்?

கிராம்ப்ஸில் குடும்பம் என்பதே ஒரு தனிப் பதிவு. இருவரும் அவர்கள் பிள்ளைகளும் ஒன்று. அதே ஆள் வேறொருவரோடு இன்னொன்று. பெற்றோரில் ஒருவர் மட்டும் தெரிந்தாலும் குடும்பம் தொடங்கலாம். பிள்ளைக்கும் தாய்க்கும், பிள்ளைக்கும் தந்தைக்கும் உள்ள உறவைத் தனித்தனியே குறிக்கலாம்: பெற்றதா, தத்தா, துணைவரின் முன்திருமணப் பிள்ளையா, வளர்ப்பா, தெரியாதா. தத்துப் போன பிள்ளையை இரண்டு வீட்டிலும் காட்டலாம், யாரையும் அழிக்க வேண்டியதில்லை.

9 ஆகஸ்ட் 2024

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கிறதே, எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாதே என்று ஒருவர். காலியாக விடுங்கள், ஒன்றும் ஆகாது. தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உலகின் பல பக்கங்களில் உண்டு; ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான். கிராம்ப்ஸில் அந்தக் கட்டத்திலேயே பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது: பரம்பரையாக வந்தது, தந்தை வழி, தாய் வழி, துணைவர் வழி என்று. தந்தை பெயரை அங்கே எழுதி, தந்தை வழி என்று குறித்துவிட்டால் முடிந்தது.

ஆனால் அங்கே எழுதினால் ஒரு குடும்பத்தையே குடும்பப் பெயர் வரிசையில் தேட முடியாது, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் நான் காலியாகவே விட்டு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறப் பட்டை கட்டியிருக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. சட்டம் ஒன்றும் இல்லை.

வீட்டில் கூப்பிடும் பெயரை மறக்காமல் செல்லப்பெயர் கட்டத்தில் போடுங்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேரின் உண்மைப் பெயர் பத்திரங்களில் மட்டும்தான் இருக்கிறது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

11 ஆகஸ்ட் 2024

தேதி.

துல்லியமாகத் தெரியாததைத் துல்லியமாக எழுதுவதுதான் எக்செல் செய்கிற பெரிய தீங்கு. ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு தலைமுறை கழித்துப் பார்ப்பவர், அந்தக் குடும்பத்தில் எல்லோரும் புத்தாண்டு அன்றே பிறந்திருக்கிறார்களே என்று வியப்பார்.

கிராம்ப்ஸ் ஏறத்தாழ, முன்பு, பின்பு, இரண்டு ஆண்டுகளுக்கு இடையில், இன்னதிலிருந்து இன்னதுவரை என்று எல்லாவற்றையும் தேதியாகவே ஏற்கும். மதிப்பிட்ட தேதி, கணக்கிட்ட தேதி என்று தரமும் பிரிக்கலாம். புரியாத எதையாவது எழுதினால் வெறும் உரையாக வைத்துக்கொள்ளும், தேதி வரிசையில் சேர்க்காது. சித்தப்பாவின் வெள்ளம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று: “ஏறத்தாழ” என்று எழுதினால், தேடும்போதும் வடிகட்டும்போதும் முன்னும் பின்னும் 50 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்வது அதன் இயல்பமைப்பு. விருப்பத்தேர்வுகளில் மாற்றலாம். நான் 10 ஆக்கிவிட்டேன். ஐம்பது ஆண்டு என்பது இரண்டு தலைமுறை, அது என்ன ஏறத்தாழ!

12 ஆகஸ்ட் 2024

நாட்காட்டி மாறுவதால் தேதி மாறும் என்பதை ஒருவர் நம்ப மறுக்கிறார். ஜார்ஜ் வாஷிங்டனைப் பாருங்கள். பிறந்த காலத்துக் கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்று எல்லோரும் சொல்வது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள். அப்போது அங்கே ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. பிறகு 1752இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாள்கள் விழுங்கப்பட்டன. ஸ்வீடனில் 1712இல் பிப்ரவரி 30 என்றே ஒரு நாள் இருந்தது. கிராம்ப்ஸில் ஜூலியன், கிரிகோரியன், எபிரேய, இஸ்லாமிய, பாரசீக, பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டிகளோடு ஸ்வீடன்காரர்களுக்கென்று ஒன்றும் இருக்கிறது. ஆண்டு எந்த நாளில் தொடங்கியது என்றும் குறிக்கலாம்.

பட்டியலில் இல்லாத நாட்காட்டியில் உங்களிடம் தேதி இருந்தால், ஆவணத்தில் இருப்பதை அப்படியே குறிப்பில் எழுதுங்கள், மாற்றிக் கணக்கிட்டதைத் தேதிக் கட்டத்தில் எழுதி “கணக்கிட்டது” என்று குறியுங்கள். மூலத்தை மட்டும் தூக்கி எறியாதீர்கள்.

18 ஆகஸ்ட் 2024

இன்று சிரித்த சிரிப்பு. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைத்து ஒரு பிரதி எடுத்தேன். கொள்ளுத்தாத்தாவின் தம்பியும் மறைந்துவிட்டார். அவருக்கு இறந்த தேதி தெரியாததால் நான் எதுவும் எழுதவில்லை. பிறந்த ஆண்டு ஏறத்தாழ 1920 என்று வைத்திருந்தேன். இறப்புப் பதிவு இல்லாதவரை 110 வயதுவரை உயிரோடு இருக்கக்கூடும் என்றே கிராம்ப்ஸ் கொள்ளும்.

தீர்வு எளிது. தேதி இல்லாமல் ஒரு இறப்பு நிகழ்வைச் சேர்த்தால் போதும், போய்விட்டார் என்று ஒத்துக்கொள்ளும். பழைய தலைமுறை முழுவதற்கும் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருக்கிறேன். மனத்துக்கு அவ்வளவு உவப்பான வேலை இல்லை.

2 செப்டம்பர் 2024

படங்களைப் பற்றிக் கேட்டவருக்கு விரிவாகவே எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்குச் சலிக்காத பகுதி இது.

வீட்டில் ஒரு கூட்டுப்படம் இருக்கிறது. நாற்காலியில் ஐந்து பேர், பின்னால் நிற்பவர்கள் இரண்டு வரிசை, தரையில் பிள்ளைகள். ஓரம் பூச்சி அரித்தது. பின்புறம் பென்சிலில் ஏதோ எழுதி, பாதி அழிந்திருக்கிறது. ஸ்கேன் செய்து கிராம்ப்ஸில் ஓர் ஊடகமாகச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொருவருக்கும் அந்தப் படத்தை இணைக்கும்போது, முகத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையலாம். அந்தத் துண்டு மட்டும் அவருடைய பக்கத்தில் முகமாக வரும். மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. செவ்வகத்தின் இரண்டு மூலைகள் படத்தின் அகல உயரத்தில் எத்தனை சதவீதத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறது. அதனால் பின்னால் அதே படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து மாற்றினாலும் முகங்கள் இடம் மாறாது. ஓரத்தை வெட்டினாலோ சுழற்றினாலோ மாறிவிடும். பூச்சி அரித்த ஓரத்தோடே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்காலிக்காரர்களைக் கடகடவென்று சொன்னார். பின்வரிசையில் இரண்டாவது ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டார். “இவர் நம் ஆள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எப்போதும் இருப்பார்” என்றார். பெயர் நினைவில்லை. எப்போதும் இருந்தவருக்குப் பெயர் இல்லை.

அவரையும் ஓர் ஆளாகச் சேர்த்துவிட்டேன். பெயர்க் கட்டம் காலி; செல்லப்பெயரில் “கூட்டுப்படம், பின்வரிசை, இடமிருந்து இரண்டாவது”. யாரோடும் உறவுக்கோடு இல்லை. கிராம்ப்ஸ் அதற்கு முகம் சுளிப்பதில்லை. எக்செல் அட்டவணையில் தந்தை, தாய், துணைவர் மூன்றும் காலியாக ஒரு வரி நின்றால், யாராவது சுத்தம் செய்கிறேன் என்று நீக்கிவிடுவார்கள்.

3 செப்டம்பர் 2024

படக்கோப்பு எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும்தான் கிராம்ப்ஸ் வைத்துக்கொள்ளும். படத்தைத் தனக்குள் விழுங்காது. கோப்புறையை இடம் மாற்றினால் எல்லாப் படமும் காணாமல் போனதுபோல் தெரியும். பதற வேண்டாம், ஊடக மேலாளரில் பாதையை மொத்தமாகத் திருத்தலாம். வேறொருவருக்குக் கொடுக்கும்போது படங்களையும் தரவையும் ஒரே கட்டாக ஏற்றுமதி செய்யும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

21 செப்டம்பர் 2024

“கட்டற்றதாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன” என்ற தொடக்கக் கேள்விக்கு நான் இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை.

வம்சாவளி வேலை ஒருவர் ஆயுளில் முடிவதில்லை. மென்பொருள் நிறுவனங்களின் ஆயுள் அதைவிடக் குறைவு. தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் என்று ஒன்று இருந்தது, சான்றுகளைக் கையாள்வதில் பெரிய பெயர் எடுத்தது. 2014இல் நிறுத்திவிட்டார்கள். 2015 டிசம்பரில் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி நிறுவனம், தன் ஃபேமிலி ட்ரீ மேக்கர் மென்பொருளைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பயனர்கள் கூச்சலிட்டார்கள், அடுத்த பிப்ரவரியில் அதை மாக்கீவ் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியதால் பிழைத்தது. வாங்க ஆள் இல்லாதிருந்தால்?

கிராம்ப்ஸ் நாளைக்கே நின்றுபோனாலும் என்னிடம் இருப்பது சுருக்கப்பட்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. விரித்தால் சாதாரண உரை. எந்தத் தொகுப்பானிலும் திறந்து, பெயரைத் தேடிப் படிக்கலாம். எழுதத் தெரிந்த எவரும் அதைப் படிக்க ஒரு நிரல் எழுதிவிடலாம். என் பேத்தியிடம் கிராம்ப்ஸ் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இலவசம் என்பது இதில் சின்ன விஷயம். இலவசமாகக் கணக்குத் திறந்து மரம் வளர்க்கத் தரும் தளங்கள் ஏராளம். மரத்தை வெளியே எடுத்துக்கொண்டு போக முடிகிறதா, எடுத்தால் ஆதாரமும் படமும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு தளத்தில் நான் முயன்றபோது பெயர்களும் தேதிகளும் மட்டும் வந்தன.

22 செப்டம்பர் 2024

“ஜெட்காம் இருக்கிறதே, எங்கிருந்தும் எங்கும் போகலாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை.

ஜெட்காம் என்பது பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை, 1984இல் வெளியிட்ட பரிமாற்ற வடிவம். மிக எளியது. ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும். 0 என்றால் புதிய ஆள் அல்லது புதிய குடும்பம். 1 என்றால் அவரைப் பற்றிய செய்தி. 2 என்றால் அந்தச் செய்தியைப் பற்றிய செய்தி. குடும்பப் பெயர் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் உட்காரும். கண்ணாலேயே படித்துவிடலாம், அதுதான் அதன் அழகு.

எல்லா மென்பொருளும் ஜெட்காம் பேசும், ஆனால் ஆளுக்கொரு வட்டார வழக்கில். கிராம்ப்ஸில் ஒரு திருமணத்துக்குச் சாட்சியாக நின்றவர்களை அதே நிகழ்வில் பங்குதாரர்களாகச் சேர்த்திருப்பேன், ஜெட்காமின் 5.5.1 பதிப்புக்குப் போனால் அந்த இணைப்பு உதிர்ந்துவிடும். உங்கள் கோப்பைப் பிறருக்குக் கொடுக்க ஜெட்காம், உங்களுக்கே காப்புப்பிரதி எடுக்கக் கிராம்ப்ஸின் எக்ஸ்எம்எல். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்புப்பிரதி என்று ஜெட்காமை மட்டும் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், பிறகு அவர் பேச்சில் “ஆதாரம்” என்ற சொல்லே வரவில்லை.

6 அக்டோபர் 2024

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாக வருகின்றன என்பவருக்கு: கோப்பு எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் எந்த முறையில், எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். பழைய மென்பொருள்கள் ஆன்சல் என்ற குறியாக்கத்தில் ஜெட்காம் எழுதும். ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஏற்றது, தமிழுக்கு அதில் இடமே இல்லை. தமிழும் அடங்கும் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 ஜெட்காமில் நுழைந்தது 1999இல் வரைவாக வந்த 5.5.1 பதிப்பில், 2021இல் வந்த 7.0 அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏற்றுமதி செய்யும் இடத்தில் யூடிஎஃப்-8 என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியாக ஒருமுறை சேமித்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து எழுத்தை மீட்க முடியாது, மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் என்றால் அது வேறு நோய். அங்கே எழுத்து போய்விடவில்லை, மாறுவேடத்தில் இருக்கிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள்.

உறவு வரைபடத்தில் மட்டும் கட்டங்களாக வந்தால் எழுத்துருத் தேர்வைப் பாருங்கள். அந்த வரைபடத்தைக் கிராஃப்விஸ் என்ற தனி நிரல் வரைகிறது, அதற்கென்று தனி எழுத்துரு அமைப்பு உண்டு. அகர வரிசை குழம்பினால் ஐசியூ நூலகம் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொழிக்கேற்ற வரிசையை அதுதான் கொடுக்கிறது.

17 நவம்பர் 2024

மரம் என்ற பெயரே ஏமாற்று வேலை. கிளைகள் பிரிந்துகொண்டே போகும் என்று நினைக்கிறோம். உறவுக்குள் திருமணம் நடந்த எந்தக் குடும்பத்திலும் கிளைகள் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் நல்ல எடுத்துக்காட்டு. முன்னோர்களுக்கு எண் கொடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு: நீங்கள் 1, ஒருவரின் எண்ணை இரண்டால் பெருக்கினால் அவர் தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். சார்லஸ் 1. தந்தை நான்காம் பிலிப் 2, தாய் மரியானா 3. பிலிப்பின் தந்தை மூன்றாம் பிலிப் 4. மரியானாவின் தாய் 7. அவருடைய தந்தை 14. அந்த 14ஆவது ஆளும் அதே மூன்றாம் பிலிப்தான், ஏனென்றால் நான்காம் பிலிப் மணந்தது தன் சொந்தத் தங்கையின் மகளை.

எக்செல்லில் இவர் இரண்டு வரியாக வந்துவிட வாய்ப்பு அதிகம். ஒரு வரியில் திருத்தினால் மற்றது பழையபடி நிற்கும். கிராம்ப்ஸில் ஆள் ஒருவரே. இரண்டு குடும்பக் கோடுகள் அவரிடம் வந்து சேரும். முன்னோர் விளக்கப்படத்தில் இரண்டு இடத்தில் தோன்றுவார், உறவு வரைபடத்தில் ஒரே பெட்டியாக. இந்த மாதிரிக் குடும்பத்துக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஓடட்டும்.

17 நவம்பர் 2024, பின்குறிப்பு

இல்லை, எங்கள் குடும்ப வரைபடத்தை இங்கே போட மாட்டேன்.

12 ஜனவரி 2025

ஒன்றுவிட்ட சகோதரர் தானும் கிராம்ப்ஸ் நிறுவி, தன் பக்கத்தை எழுதி அனுப்பினார். மகிழ்ச்சிதான், அவர் கோப்பை என் மரத்தில் இறக்குமதி செய்யும்வரை. இறக்குமதி என்பது சேர்ப்பது மட்டுமே. இருவரிடமும் இருக்கும் பொதுத் தாத்தா ஒருவர்தான் என்று அது தானாகக் கண்டுபிடிக்காது. என் மரத்தில் இப்போது இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, இரண்டு திருமணம்.

காப்புப்பிரதி எடுத்துவிட்டுத்தான் தொடங்கினேன் என்பதால் கவலையில்லை. இரட்டையாக இருக்கக்கூடியவர்களைத் தேடும் கருவி உள்ளே இருக்கிறது. பிறகு இருவரை இருவராகத் தேர்ந்து இணைக்க வேண்டும். மேல் தலைமுறையில் தொடங்கிக் கீழே வருவது எளிது. நான் கீழிருந்து தொடங்கிய மாலையைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

அடுத்த முறை யாராவது கேட்டால், மரத்தைப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே இடத்தில் வைத்து எல்லோரையும் எழுதச் சொல்வேன்.

15 ஜனவரி 2025

அந்த “ஒரே இடம்” எது என்று கேட்கிறீர்கள். கிராம்ப்ஸ் வெப் ஒரு வழி: கிராம்ப்ஸின் தரவமைப்பை அப்படியே உலாவியில் பலர் திருத்தலாம், அதுவும் கட்டற்றது. வெப்ட்ரீஸ் இன்னொன்று; பிஹெச்பிஜெட்வியூ என்ற பழைய மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து வந்தது, ஜெட்காமை அடிப்படையாகக் கொண்டது. யார் யாருடைய விவரத்தைப் பார்க்கலாம் என்பதை ஆள்வாரியாகக் கட்டுப்படுத்தலாம். இரண்டுக்கும் வழங்கி (சர்வர்) வேண்டும், அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். குடும்பத்தில் அந்த ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

இப்போதைக்கு வேறு மாதிரி சமாளிக்கிறேன். உறவினர்களுக்கு எழுதுகிற வேலையே வேண்டாம். கிராம்ப்ஸிலிருந்து விவரணை வலைத்தளம் என்ற அறிக்கையை எடுத்து, பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன். உலாவியில் திறந்து பார்க்கிறார்கள், தவறு இருந்தால் குரல்பதிவு அனுப்புகிறார்கள். குரல்பதிவே ஒரு மூலம். பெரியம்மாவின் ஒரு திருத்தம் ஏழு நிமிடம் ஓடுகிறது, அதில் திருத்தம் பத்து விநாடி. மீதி எதுவும் எந்தக் கட்டத்திலும் அடங்காது, அப்படியே ஊடகமாகச் சேர்த்துவிட்டேன்.

16 ஜனவரி 2025

கிராம்ப்ஸில் ஒரு பதிவின் பூட்டுக் குறியை அழுத்தினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: அது ஏற்றுமதியிலும் அறிக்கையிலும் அந்தப் பதிவை விட்டுவிடச் சொல்லும் குறி மட்டுமே. உங்கள் கணினியைத் திறப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. வங்கிகள் இன்னும் அதைக் கேட்டுத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன.

6 ஏப்ரல் 2025

கிராம்ப்ஸ் 6.0 வந்துவிட்டது. திறக்கும் முன் பழைய பதிப்பிலேயே எக்ஸ்எம்எல் காப்புப்பிரதி எடுங்கள். புதிய பதிப்பு உங்கள் தரவுத்தளத்தை மேம்படுத்திவிட்டால், பழைய பதிப்பில் அதைத் திறக்க முடியாது. கூடுதல் செருகுநிரல்கள் புதிய பதிப்புக்கு வந்துவிட்டனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை. ஒரு நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுவேன்.

8 ஜூன் 2025

கேள்வியைத் தொடங்கியவர் திரும்பி வந்து, “சரி, என் எக்செல்லை எப்படி உள்ளே கொண்டுவருவது, மறுபடி தட்டச்சு செய்ய முடியாது” என்கிறார். வாருங்கள்.

காற்புள்ளியால் பிரித்த கோப்பாகச் சேமித்தால் கிராம்ப்ஸ் படிக்கும். ஆனால் உங்கள் ஒற்றை அட்டவணை அப்படியே போகாது. மூன்றாக உடைக்க வேண்டும், நடுவில் ஒவ்வொரு வெற்று வரி. முதலாவது ஆட்கள்: அடையாள எண், பெயர், பால், பிறப்பு, இறப்பு. இரண்டாவது திருமணங்கள்: திருமண எண், கணவன் எண், மனைவி எண். மூன்றாவது பிள்ளைகள்: திருமண எண், பிள்ளையின் எண். ஒவ்வொரு தலைப்பு வரியிலும் கிராம்ப்ஸ் எதிர்பார்க்கும் பெயர்களே இருக்க வேண்டும், கையேட்டில் பட்டியல் உண்டு. உங்கள் அட்டவணையில் தந்தை, தாய் என்று பெயராக எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, அந்தக் கட்டங்களை எண்ணாக மாற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு தாத்தா இருப்பது அங்கேதான் தெரியவரும்.

ஜனவரி 1 என்று நிரப்பியவற்றை இப்போதே வெறும் ஆண்டாக்கிவிடுங்கள். ஆதாரமே இல்லாதவற்றுக்கு “பழைய எக்செல் அட்டவணை” என்று ஒரு மூலத்தை உருவாக்கி, குறைந்த நம்பகத்தோடு இணையுங்கள். அதுவும் ஓர் ஆதாரம்தான்.

காலி மரம் ஒன்றைத் திறந்து அதில் இறக்கிப் பாருங்கள். ஆட்கள் எண்ணிக்கை உங்கள் வரிகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் மரத்தை அழித்துவிட்டுக் கோப்பைத் திருத்தி மறுபடி இறக்குங்கள். உள்ளே போய்க் கையால் சரிசெய்யத் தொடங்காதீர்கள்.